வெந்நீர் மழை

ஸ்ரீபெரும்புதூர் என்றால், 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரம் என்பதே பெரியோர்களுக்கு முதலில் ஞாபகம் வரும். இளைஞர்களோ மோட்டார்த் தொழிற்சாலைகளைச் சொல்வார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. வேலைக்கு வந்தவர்கள் தங்க இடம் வேண்டாமா? 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதியை அரசாங்கத்தார் திறந்தார்கள். ஆயினும் வாடகை அறைகளில் வாசம் செய்கிறவர்கள் ஏராளம்.

நள்ளிரவில் ஷிப்டு முடிந்து வருகிறவர் விறகை ஊதி, தவலையில் வெந்நீர் போட்டுக் கொண்டிருக்க முடியுமா? ஆகையால் ஸ்நான அறைச் சுவரில் 3 லிட்டர் மின்சார ஹீட்டர் ஒன்று ஏறியிருக்கிறது. அதன் குழாய் தலைக்கு மேலுள்ள ஷவருக்குப் போகிறது. சுவிட்சைத் தட்டினால் வெந்நீர் மழை!

ஆனால் இந்த மழைக்கும் ஒரு சுபாவம் உண்டு. ஒரு நிமிஷம் கொதிக்கும். மறு நிமிஷம் குளிரும். உடனே, "யந்திரம் கெட்டுவிட்டது!" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் குற்றம் யந்திரத்தினுடையதல்ல.

இத்தகைய ஹீட்டர் சாதாரணமாக 3 கிலோவாட் சக்தியுள்ளது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால் அதன் வெப்பத்தைச் சுமார் 43 டிகிரி உயர்த்தும். தொட்டித் தண்ணீர் 27 டிகிரி என்றும், ஸ்நானத்துக்கு 40 டிகிரி இதமானது என்றும் வைத்துக் கொள்வோம். அப்போது நிமிஷத்துக்குச் சுமார் 3.3 லிட்டர் ஓடலாம். அதாவது, 20 லிட்டர் பக்கெட் நிறைய ஆறு நிமிஷமாக வேண்டும். மூன்றே நிமிஷத்தில் நிறைந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இராது. குழாயைச் சற்று மூட வேண்டியதுதான். மிகவும் மூடினாலோ வெப்பம் அளவு மீறும். உள்ளேயுள்ள தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தும். தண்ணீர் குளிர்ந்ததும் மறுபடி விடும். கொதிப்பும் குளிரும் மாறி மாறி வரும் மர்மம் இதுதான்.

குழாயைத் தொடாமலே இவ்விதம் நேர்ந்தால் ஷவரின் கண்களைப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் சுண்ணாம்பாகப் படிந்து அவற்றை அடைத்திருக்கும். ஷவர்த் தலையைக் கழற்றி, எலுமிச்சம்பழச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துத் தேய்த்தால் போதும்.

இதுவரை சொன்னது சௌகரியத்தைப் பற்றி. இனிச் சொல்வது பிராணனைப் பற்றி.

இந்த ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. இதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் தடித்த கம்பியும் அவசியம். விளக்குக்குப் போட்ட கம்பியில் ஒட்டுப் போட்டு இழுப்பது நெருப்பை விருந்துக்கு அழைப்பதாகும். பிளக்கில் மூன்று துவாரங்கள் இருந்தால் மட்டும் போதாது. பெரிய துவாரத்தின் பின்னால் எர்த் கம்பி உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்க வேண்டும். கம்பி கண்ணில் படாத இடத்தில் இருப்பதால், அது இல்லாத குறையும் கண்ணில் படுவதில்லை.

"பியூஸ் இருக்கிறதே!" என்பார்கள் சிலர். பியூஸ் கம்பியைக் காக்கும்; மனிதரைக் காக்காது. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் பாய்ந்தாலே உயிர் போகக்கூடும்; அதைப் பியூஸ் பொருட்படுத்தவே செய்யாது. மனிதரைக் காப்பதற்கென்று இருப்பது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது நலம்.

இவ்விரண்டும் உண்டென்று நிச்சயமாகும் வரையில் நமது யோசனை ஒன்றே: வெந்நீரைப் பக்கெட்டில் பிடியுங்கள், சுவிட்சை அணையுங்கள், அதன் பிறகே ஸ்நானம் செய்யுங்கள். வெந்நீர் மழை சில நாள் காத்திருக்கட்டும்.

அட்வான்ஸ் பணத்தை இரண்டு முறை எண்ணி வாங்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: எர்த் கம்பியை ஒரு முறையாவது பார்க்கச் செய்யலாகாதா? ஊரிலிருந்து பிள்ளையையும் பெண்ணையும் வேலைக்கு அனுப்பிய பெற்றோர்கள், வாடகை அறையைத்தான் வீடென்று நம்பியிருக்கிறார்கள்.