மூட்டு புதுசு, பல் பழசு

போன பங்குனியில் எனக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "பல் வேலை எதுவும் இப்போதைக்கு வேண்டாம் சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த "இப்போதைக்கு" எத்தனை நாள் என்று கேட்கத் தோன்றவில்லை. முப்பத்து மூன்று வருடம் அரசாங்கக் கோப்புகளில் தேதி இல்லாத உத்தரவை ஏற்காமல் திருப்பி அனுப்பியவன் நான்!

இரண்டாம் மாதமே கீழ்க் கடைவாய்ப் பல்லில் கூச்சம் ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் போனால் வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் உட்கார்ந்துவிடும் என்று பயம். கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். வீட்டுக்காரம்மா சொல்லியும் கேட்கவில்லை. ஆறாம் மாதம் ஒரு நாள் காலையில் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது.

பல் டாக்டர் சின்னப் பெண். வாயைப் பார்த்துவிட்டு, "எலும்பு டாக்டரிடம் ஒரு லெட்டர் வாங்கி வாங்க சார்" என்றது. எலும்பு டாக்டர் வெளியூரில். இரண்டு நாள் வீக்கத்தோடு அலைந்தேன். கடைசியில் அவர் போனில் சொன்னது இதுதான்: "மூன்று மாதம்தானே சார் சொன்னேன்? பல் வைத்தியத்தால் வரும் ஆபத்தைவிட, சீழ் பிடித்த பல்லை வாயிலேயே வைத்திருப்பதுதான் உங்கள் மூட்டுக்கு ஆபத்து."

அடைத்தே காப்பாற்றியிருக்க வேண்டிய பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். பிரெஞ்சில் பெரும் பொய்யனை "பல் பிடுங்குகிறவன் மாதிரிப் பொய் சொல்கிறான்" என்பார்கள். வலிக்காது வலிக்காது என்று சந்தையில் கூவியே பிடுங்கிய காலத்துப் பேச்சு அது. என் விஷயத்தில் பல் டாக்டர் பொய் சொல்லவில்லை. பயத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் பொய்.

பிறகு மகள் இன்டர்நெட்டில் எடுத்துக் கொடுத்ததைக் கோப்பு படிப்பது போல இரண்டு முறை படித்தேன். 1997-ல் அமெரிக்காவின் பல் மருத்துவர் சங்கமும் எலும்பு மருத்துவர் சங்கமும் சேர்ந்து, மூட்டு மாற்றி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்குப் பல் வேலைக்கு முன் ஆண்டிபயாடிக் கொடுப்பதை யோசிக்கலாம் என்றன. 2015-ல் பல் மருத்துவர் சங்கமே, பொதுவாக அது தேவையில்லை என்று சொல்லிவிட்டது. பல் துலக்கும்போதும் மெல்லும்போதும்கூடக் கொஞ்சம் கிருமி ரத்தத்தில் சேரத்தான் செய்கிறதாம். கட்டுப்படாத சர்க்கரை, எதிர்ப்புச் சக்திக் குறைவு, முன்பே மூட்டில் கிருமி வந்தது, ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் நிறையாதது, இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் டாக்டர்கள் தனியாகப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இதய வால்வு மாற்றியவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு முன்மருந்து உண்டு.

அதனால் நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது:

மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே பல்லைக் காட்டி, சொத்தையை அடைத்து, காரையை எடுத்துவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சாதாரண கிளீனிங்கை எத்தனை மாதம் தள்ள வேண்டும் என்று கேட்டுத் தேதியோடு எழுதி வாங்குங்கள். வலி, வீக்கம், ஈறில் ரத்தம் என்றால் அந்த மாதக் கணக்கைப் பார்க்காதீர்கள். அன்றே இரண்டு டாக்டருக்கும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக் கடையில் நாலு கேப்ஸ்யூல் வாங்கிப் போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் போகிற வீரமும் வேண்டாம். வயிற்றுப்போக்கும் அலர்ஜியும் வந்தால் அனுபவிக்கப்போவது நீங்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்க நேரமில்லை என்பது தெரியும். மூன்றே வரி போதும்: பல் வேலை எந்தத் தேதிக்குப் பிறகு, முன்மருந்து வேண்டுமா வேண்டாமா, அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்வது. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து டிஸ்சார்ஜ் சீட்டில் குத்திவிட்டால் முடிந்தது. இரண்டு டாக்டர்களுக்கு நடுவே தபால் சுமக்க, புது மூட்டு போட்ட எழுபது வயதுக் கிழவனை அலையவிடுவது நியாயமா?

வாய்மொழி உத்தரவை நம்பாதே, எழுத்தில் வாங்கு என்று நான் எத்தனையோ ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அதை மறந்ததற்கு நான் கொடுத்த விலை ஒரு கடைவாய்ப் பல். முறுக்கு சாப்பிடும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.