கையெழுத்துப் போட்டால் கதை முடிந்ததா?

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் உரித்த தோலுக்கு உடனே உப்பு போட்டாக வேண்டும்; தாமதித்தால் அழுகிவிடும். உப்பேறிய தோல் பெரியமேட்டு மண்டிகளுக்குப் போகும். அங்கிருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. ஷூவாக, கைப்பையாக உருமாறிக் கப்பலேறும் சரக்கில் கணிசமான பங்கு அமெரிக்காவுக்கு. வாஷிங்டனில் யார் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று இந்தப் பேட்டை கவனிப்பதில் வியப்பில்லை.

கவனிப்பதோடு ஒரு பெருமூச்சும் சேர்ந்துகொள்கிறது. “அங்க ஒரே கையெழுத்துண்ணா, மேட்டர் ஓவர். இங்கதான் கோர்ட்டு, கமிட்டினு இழுத்தடிக்கிறானுங்க.” டீக்கடைப் பேச்சு மட்டுமல்ல, டை கட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் பேசுகிறவர்களும் இதையேதான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள். அதிபரின் ஆணைதான் சட்டம், அவர் கைகாட்டியவருக்குத்தான் பதவி, அப்படியொரு அதிகாரம் நம் நாட்டில் யாருக்கும் இல்லை: பேச்சின் சாரம் இவ்வளவுதான். மூன்றும் பிசகு.

முதலில் ஆணை. அமெரிக்காவில் சட்டம் இயற்றுவது காங்கிரஸ். நம்மூர்க் கட்சியல்ல, அவர்களுடைய நாடாளுமன்றம். அரசியல் சாசனமோ காங்கிரஸ் இயற்றிய சட்டமோ கொடுத்த அதிகாரத்துக்குள்தான் அதிபர் ஆணையிட முடியும். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு, பிறப்பால் வரும் குடியுரிமையைக் கட்டுப்படுத்தி டிரம்ப் ஓர் ஆணை போட்டார். தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளும் அதில் அடக்கம் என்பதால், அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல கலங்கிப்போயின. மூன்றே நாளில் சியாட்டில் நகர நீதிபதி அதற்குத் தடை போட்டார். அவரை நியமித்தவர் டிரம்பின் கட்சியைச் சேர்ந்த ரீகன்.

இது புதிதும் அல்ல. 1952 ஏப்ரலில், கொரியப் போரின் நடுவே எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்றதும், ஆலைகளையே அரசு எடுத்துக்கொள்ளும்படி அதிபர் ட்ரூமன் ஆணையிட்டார். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதைச் செல்லாதென்றது. ஆலைகள் முதலாளிகளிடம் திரும்பின. 1921-ல் பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தம் கலவரமாக வெடித்ததைப் பார்த்த பேட்டைக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

கோர்ட்டுக்குத் தப்பிய ஆணைக்கும் ஆயுள் கெட்டியில்லை. பதவியேற்ற அதே நாளில் டிரம்ப் ஒரே ஆணையில் பைடன் காலத்து 78 ஆணைகளையும் குறிப்பாணைகளையும் ரத்து செய்தார். நாளை வேறொருவர் இவருடையதையும் அப்படியே கிழிக்கலாம்.

அடுத்தது பதவி. அட்டர்னி ஜெனரலாக டிரம்ப் அறிவித்த மேட் கேட்ஸ், நாடாளுமன்ற மேலவையான செனட்டில் ஒப்புதல் ஓட்டு தேறாது என்று தெரிந்ததும் 2024 நவம்பர் 21 அன்று தானே விலகிக்கொண்டார். பாதுகாப்புத் துறைக்கு வந்த பீட் ஹெக்செத்துக்கு 50-50 என்று ஓட்டு விழுந்து, துணை அதிபர் வான்ஸின் ஓட்டில்தான் நாற்காலி கிடைத்தது. டெல்லிக்கு அனுப்பும் தூதரைக்கூட செனட் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுத்தான் அனுப்புகிறது. தமிழ்நாட்டு ஆளுநரை எந்தச் சபை கூப்பிட்டுக் கேட்டது? சாசனத்தின் 155-வது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் போதும்.

‘நம்மிடம் அப்படி அதிகாரம் இல்லை’ என்பதற்கு இதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. மீதியை வயதானவர்கள் சொல்வார்கள். 1976 ஜனவரி 31 அன்று குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது போட்ட ஒரு கையெழுத்தில் கருணாநிதி ஆட்சி போனது. 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி. 1991 ஜனவரி 30 இன்னும் விசேஷம்: அறிக்கை தர ஆளுநர் பர்னாலா மறுத்துவிட்டார். 356-வது பிரிவில் ஆளுநர் அறிக்கையின் பேரில் ‘அல்லது வேறு வகையில்’ என்று இருக்கிறது. அந்த இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டு கருணாநிதி ஆட்சியை மறுபடியும் கலைத்தார்கள். கையெழுத்திட்டவர் தமிழகத்தின் முன்னாள் தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். மாநில ஆட்சியைக் கலைக்கும் பேனா எந்த அமெரிக்க அதிபரிடமும் இருந்ததில்லை. அவசரச் சட்டங்களைக் கேட்கவே வேண்டாம். பிகார் அரசு 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் திரும்பத் திரும்பப் பிறப்பித்து ஓட்டியது. அதைச் சாசனத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1986 ஆகிவிட்டது.

டீக்கடைக்காரர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. கையெழுத்து முடிவில்லை என்றாலும் அடி முதலில் விழுந்துவிடுகிறது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காட்டி 2025 ஆகஸ்ட் 6 அன்று போட்ட ஆணை, இந்தியச் சரக்குக்கு இருந்த 25 சதவீத வரியை 50 ஆக்கியது. ஆகஸ்ட் 27 முதல் அமலானது. அதற்குமுன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்குள் அங்கே சுங்கம் கடந்த சரக்குக்கு மட்டும் விலக்கு. துறைமுகத்தில் கன்டெய்னர் ஒரு நாள் பிந்தியிருந்தால் கணக்கே மாறியிருக்கும்.

இத்தகைய வரியை இங்கிருப்பவர் கட்டுவதாக ஒரு நினைப்பு வேறு இருக்கிறது. சுங்கத்தில் பணம் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். கட்டுவதற்கு முன் அவர் செய்வது, ‘விலையைக் குறை, இல்லையென்றால் ஆர்டரை நிறுத்திவை’ என்று ஒரு மெயில் போடுவது. தோல்காரருக்கும் இறால்காரருக்கும் ஆணை வந்து சேருவது அந்த மெயிலாகத்தான்.

50 சதவீதம் அமலான இரண்டே நாளில், ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-4 என்று தீர்ப்பு சொன்னது: அதிபர் கைக்கொண்ட 1977-ம் ஆண்டுச் சட்டம் இப்படி வரி போட இடம் தரவில்லை. கீழ் நீதிமன்றம் மே மாதமே அதைச் சொல்லியிருந்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் போக அவகாசம் வேண்டுமென்று தீர்ப்பை அக்டோபர் 14 வரை நிறுத்தி வைத்தார்கள். வரி வசூலாகிக்கொண்டே இருந்தது. விலையைக் குறைக்கச் சொல்லி வந்த மெயிலை யாரும் திரும்பப் பெறவில்லை.