மரத்தடியில் ஒரு மாணவன்

விளையாட்டு மணி அடிக்கிறது. மாணவர் கூட்டம் திடலுக்குப் பாய்கிறது. ஒருவன் மட்டும் மரத்தடியிலே, மற்றவர் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குக் காவலாக! செய்த குற்றம் என்ன? ஆட்டிசம் உடையவன். விசில் ஒலி அவன் செவியைத் துளைக்கிறது. ஒரே மூச்சில் கொட்டப்படும் ஐந்து கட்டளைகள் அவனைக் குழப்புகின்றன. அவ்வளவே!

'முன்வினைப் பயன்' என்கிறது மூடநம்பிக்கை. 'முடியாத பிள்ளை' என்கிறது பள்ளிக்கூடம். சொல் இரண்டு, செயல் ஒன்றே — ஒதுக்கி வைத்தல்! பிறப்பைக் காட்டி ஒதுக்குவதை எதிர்க்கும் நாம், மூளையின் இயல்பைக் காட்டி ஒதுக்குவதை ஏற்கலாமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இவர்களுக்கும் பிறரோடு சமமாக விளையாட்டு வாய்ப்பளிக்கப் பணிக்கிறது. ஏட்டிலே சமத்துவம்; திடலிலே தீண்டாமை!

நாம் கேட்பது கருணையன்று, உரிமை. விசிலுக்குப் பதில் கையசைவு. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. சொல்வதோடு செய்து காட்டல். ஆட்டத்தின் வரிசையைத் தரையிலே படமாக வரைதல். இரைச்சல் மிகுந்தால் சற்றே இளைப்பாறித் திரும்பிவர உரிமை. செலவு? ஒரு சாக்குக்கட்டி!

ஆசிரியராகிய நாமும் அவனை அங்கே அமர்த்தியவர்தாம், மறைக்கவில்லை. தோழர்களே, நாளை மணி அடிக்கும்போது மரத்தடியிலே செருப்புகள் மட்டுமே இருக்கட்டும்!