காயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்

தீ விபத்தில் சிக்கியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, உடம்பில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்பதுதான். நாளேடுகளும் அந்தச் சதவீதத்தையே எழுதுகின்றன. ஆனால் அடைபட்ட கட்டடங்களில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பல்ல, புகை. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தீப்பிடித்தது தரைத்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில். மூச்சு முட்டி மடிந்தவர்கள் மேலே பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீ விபத்தில் 6 பேர் லிஃப்டுக்குள் புகையில் சிக்கி உயிரிழந்தார்கள். இருந்தும் தோலில் கொப்புளம் இல்லாதவரைத் 'தப்பித்தவர்' கணக்கில் சேர்ப்பதே நம் வழக்கம்.

இந்த வழக்கத்துக்குத் துணைபோகிறது கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த பல்ஸ் ஆக்சிமீட்டர். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் அந்தச் சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது; விஷ வாயு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தமாகவே எண்ணிக்கொண்டு 98 என்று காட்டும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எல்லாம் பயத்தால் வந்தவை என்று ஆளை அனுப்பிவிட அந்த எண்ணே போதுமானதாகிவிடுகிறது. உண்மையை அறிய, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கும் தனிப் பரிசோதனை வேண்டும். மூச்சுக்குழாயின் கதை இன்னும் மோசம். சூடுபட்ட தொண்டை உடனே வீங்குவதில்லை. சில மணி நேரம் கழித்து வீங்கி மூச்சை அடைக்கும். கருகிய மூக்குமுடி, சளியில் கரி, கம்மிய குரல் இவற்றைக் கண்டதுமே தொண்டையைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் வீக்கம் முற்றுவதற்குள் குழாய் செருகியாக வேண்டும்.

இதற்கெல்லாம் நம்மிடம் வசதி எங்கே என்று கேட்கலாம். ஓரளவு நியாயம்தான். ஃபோமும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் சயனைடு கிளம்பும்; 2013-ல் பிரேசிலின் சாந்தா மரியா இரவு விடுதியில் 242 பேரைப் பலிகொண்டதில், எரிந்த ஃபோம் கக்கிய நச்சுப்புகைக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கான மாற்று மருந்து ஹைட்ராக்ஸோகோபாலமின் விலை கூடியது. எல்லா அரசு மருத்துவமனையிலும் அதை வைத்திருக்கச் சொல்வது இன்றைக்கு நடக்கிற காரியமல்ல. ஆனால் முதல் மருந்து ஆக்சிஜன். வெறும் காற்றில் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும்; பை இணைத்த முகமூடி வழியாக முழு அளவு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடந்துவிடும். சிலிண்டர் 108 ஆம்புலன்ஸிலேயே இருக்கிறது. இல்லாதது, ஆக்சிமீட்டர் என்ன காட்டினாலும் கொடு என்கிற கண்டிப்பு.

ஐம்பது பேர் ஒரே நேரத்தில் வந்தால் எல்லோருக்கும் எங்கே போவது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அப்போது வரிசைப்படுத்தத்தான் வேண்டும்: மூச்சுவிடத் திணறுகிறவர்கள், சற்று நேரமாவது மயங்கியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் முதலில். தாயைவிடக் கருவிலுள்ள சிசுவின் ரத்தத்தில் இந்த வாயு அதிகம் சேரும் என்பதால், தாய் தெம்பாக இருக்கிறார் என்பது சமாதானமாகாது.

தீக்காயப் பிரிவுகளுக்குப் படுக்கை கூட்டும் அரசு, புகையில் சிக்கியவர்களுக்கான ஒரு பக்க நெறிமுறையை எழுதி ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரிலும் ஒட்ட வேண்டும். வாசகர்களும் ஒன்று செய்யலாம். புகை சூழ்ந்த அறையிலிருந்து மீண்டால், காயமே இல்லையென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தீர்கள், என்ன எரிந்தது, நினைவு தப்பியதா என்ற மூன்றையும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.