பெட்டைக் குதிரையின் வயதும் சினை பிடித்தலும்

குதிரை வாங்கப் போகிறவர் முதலில் சுழியைப் பார்க்கிறார். பின்னர் நிறத்தையும் நடையையும் பார்க்கிறார். வயதைப்பற்றி விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார். ஈரோடு ஜில்லா அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வார், கத்தியவார் ஜாதிக் குதிரைகள் வருகின்றன. சவாரிக்கு வாங்குகிறவருக்கு வயது இரண்டொன்று கூடிப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை. குட்டி எடுக்கும் நோக்கத்துடன் பெட்டை வாங்கும் மிராசுதாரருக்கோ வயதே முதல் விஷயம். சுழியால் கெட்ட குடும்பம் உண்டோ இல்லையோ, வயது முதிர்ந்த பெட்டையை வாங்கிப் பல வருஷம் தீனி போட்டும் ஒரு குட்டியையும் காணாதவர் உண்டு.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று சொந்த லாயத்திலேயே நடக்கிறது. நல்ல பெட்டை ஒன்று கிடைத்தால் அதன் வாலிப காலம் முழுவதும் சவாரிக்கும் ஊர்வலத்துக்கும் பந்தயத்துக்கும் போய்விடுகிறது. 15, 16 வயதாகி, காலும் தளர்ந்து, வேலைக்கு உதவாத நிலை வந்தபின், 'இனிக் குட்டியாவது எடுப்போம்' என்று பொலிகுதிரையிடம் அனுப்புகிறார்கள். இது விதை நெல்லை வைத்திருந்து, பதராகத் தொடங்கியபின் நாற்றுவிடுவதற்கு ஒப்பாகும்.

பெட்டைக் குதிரை நான்கு வயது முதல் குட்டி ஈனத் தகுதியுடையது. சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம், அதாவது 340 நாள். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வந்து, ஐந்து முதல் ஏழு நாள் வரை நிற்கும். நன்றாகச் சினை பிடிக்கும் காலம் பத்து வயதுக்கு உட்பட்டது. அதன்பின் மெல்லக் குறைந்து, 15 வயதுக்குமேல் குறைவு எவருக்கும் தெரியும்படி ஆகிறது. ஆயினும் 20 வயது கடந்த பெட்டையும் பருவத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும். உடையவரை ஏமாற்றுவது இதுவே. பருவம் ஒழுங்காக வருகிறதே, சினை ஏன் தங்கவில்லை என்று கேட்டு, பொலிகுதிரையை மாற்றுகிறார், தீனியை மாற்றுகிறார், மருந்து விற்பவன் சொன்ன சூரணங்களையெல்லாம் வாங்குகிறார். பருவத்துக்கு வருதல் என்பது முட்டை வெளிப்படப் போகிறது என்பதற்கு அடையாளமேயன்றி, அம்முட்டை நல்லது என்பதற்கு அடையாளம் அன்று.

ஆண் குதிரையின் விந்தணுக்கள் நாள்தோறும் புதிதாக உற்பத்தியாகின்றன. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 57 நாள் ஆகிறது. ஆகவே கிழட்டுப் பொலிகுதிரையிடத்திலும் விந்தணு இரண்டு மாதத்துச் சரக்குத்தான். பெட்டையின் விஷயம் வேறு. அதன் கருமுட்டைகள் யாவும், தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சினைப்பையில் அமைந்துவிடுகின்றன. பிறந்தபின் புதிதாகச் சேர்வது இல்லை. இருபது வயதுப் பெட்டை இன்று வெளியிடும் முட்டைக்கும் வயது இருபதுக்கு மேலேயே. இத்தனை காலம் காத்திருந்த முட்டையில், அதற்குச் சக்தி தரும் நுண்ணிய உறுப்புகள் பழுதடைகின்றன. தாயின் குணங்களைக் குட்டிக்குக் கொண்டுசெல்லும் குரோமசோம் என்னும் இழைகள் சரிவரப் பிரியாமல், ஒன்று கூடியோ குறைந்தோ போகின்றன. இப்படிப்பட்ட முட்டை விந்தணுவோடு சேராமலே போகலாம். சேர்ந்தாலும் சில நாளில் கரு அழிந்துவிடலாம். வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

குற்றம் முட்டையிலா, கருப்பையிலா என்ற சந்தேகத்தை ஒரு பரீக்ஷை பெரும்பாலும் தீர்த்தது. அமெரிக்காவில் கார்னவேல், கின்தர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1995-ல் இதை வெளியிட்டனர். 6 முதல் 10 வயதுள்ள பெட்டைகளிடமிருந்தும், 20 முதல் 26 வயதுள்ள பெட்டைகளிடமிருந்தும் முட்டைகளை எடுத்து, இரண்டு வகையையும் விந்து செலுத்தப்பட்ட இளம் பெட்டைகளின் கருக்குழாயில் வைத்தனர். இளம் பெட்டைகளின் முட்டைகள் 12-ல் 11 கருவாயின. முதிர்ந்தவற்றின் முட்டைகள் 26-ல் 8 மட்டுமே கருவாயின. வளர்ந்த இடம் இரண்டுக்கும் இளமையானது. ஆகவே வித்தியாசம் முட்டையைச் சேர்ந்ததே.

கருப்பையும் வயதால் பழுதுபடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. பல குட்டி ஈன்ற பெட்டையின் கருப்பை தொங்கிப்போய், உள்ளே சேரும் நீரை வெளியேற்ற மாட்டாமல் அழற்சி காண்கிறது. அதன் உட்சவ்வில் தழும்பும் நீர்க்கட்டிகளும் உண்டாகின்றன. யோனியின் வாய் சாய்ந்து காற்றும் சாணமும் உட்புகுவதைத் தடுக்க, காஸ்லிக் என்னும் வைத்தியர் 1937-ல் விவரித்த தையல் முறை இன்றும் கையாளப்படுகிறது. இவற்றுக்கு ஓரளவு சிகிச்சை உண்டு. முதிர்ந்த முட்டையை இளமையாக்கும் சிகிச்சையோ எவரிடமும் இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்கிறவரிடம் பணத்தைக் கொடாதிருப்பதே லாபம்.

வாலிபத்தில் குட்டி ஈனாமல், முதல் தடவையாக 15 வயதில் பொலிகுதிரையிடம் விடப்படும் பெட்டையின் நிலை இன்னும் மோசம். அதன் கருப்பை வாய் இறுகி, சரியாகத் திறக்காது. உட்சென்ற விந்தும் அழற்சியின் நீரும் உள்ளேயே தங்கிக் கெடுதி செய்யும். குட்டி போடாமல் வைத்திருந்தால் பெட்டையின் சக்தி சேமிக்கப்பட்டு முதுமையில் உதவும் என்று எண்ணுவது வீண். குட்டி போடாத வருஷத்திலும் முட்டைகள் முதிர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

கருவை எடுத்து வேறு பெட்டையில் வைக்கும் முறை இந்நாட்டிலும் வந்திருக்கிறது. ராஜஸ்தானத்தில் பிகானீரிலுள்ள குதிரை ஆராய்ச்சி நிலையத்தில் 2023-ல் இம்முறையில் ஒரு மார்வாரிப் பெட்டைக் குட்டி பிறந்தது. கருப்பை கெட்ட பெட்டைக்கும், வேலையை விட முடியாத பெட்டைக்கும் இது பெரிய உதவி. ஆனால் முட்டை கெட்டபின் எடுப்பதற்குக் கரு ஏது? இம்முறையை நம்பிக் காலத்தைத் தள்ளிப்போடுவதும் பிழையாகவே முடியும்.

இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2012-ம் வருஷக் கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்கு மேல் இருந்தன. 2019-ம் வருஷக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரமாகிவிட்டன. இவ்வளவு குறைந்துள்ள நிலையில் நல்ல ஜாதிப் பெட்டை ஒன்று சந்ததியின்றிப் போவது, உடையவர் ஒருவரின் நஷ்டத்தோடு நிற்பதன்று. ஐந்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையே இரண்டு மூன்று குட்டிகளையாவது எடுத்து, அவற்றில் சிறந்த பெட்டைக் குட்டியை விற்காமல் வைத்துக்கொள்வது, சவாரியை விரும்புகிறவருக்கும் இயலாத காரியம் அன்று. பன்னிரண்டு வருஷத்தில் மூன்று வருஷம் குட்டிக்குக் கொடுத்தால் சவாரிக்கு ஒன்பது வருஷம் மிஞ்சுகிறது.

முதிர்ந்த பெட்டையிடம்தான் குட்டி எடுத்தாக வேண்டும் என்ற நிலையிலுள்ளவர், முன்னதாகவே கால்நடை வைத்தியரைக் கொண்டு கருப்பையைப் பரிசோதிப்பது நலம். முட்டை வெளிப்படும் சமயத்தை ஸ்கேன் மூலம் அறிந்து, அதையொட்டி ஒரே முறை சேர்ப்பது, பலமுறை சேர்ப்பதைவிடக் கருப்பைக்கு நல்லது. சேர்த்த 14 முதல் 16 நாளில் சினையைப் பார்த்து, மறுபடியும் 30-ம் நாளையொட்டிப் பார்க்க வேண்டும். முதல் பார்வையில் இருந்த கரு இரண்டாம் பார்வையில் இல்லாதுபோவது முதிர்ந்த பெட்டைகளிடம் அதிகம்.

இனி வயதை அறிவதைப்பற்றி. ஐந்து வயதில் குதிரைக்குப் பல் நிறைகிறது. கீழ்த்தாடை முன்பற்களின் குழிகள் நடுவிலிருந்து தொடங்கி, ஆறு, ஏழு, எட்டு வயதுகளில் ஜோடி ஜோடியாகத் தேய்ந்து மறைகின்றன. அதன்பின் மேல்தாடையின் ஓர முன்பல்லில் ஏறக்குறைய பத்து வயதில் ஈற்றருகே ஒரு கோடு தோன்றி, 15-ல் பாதிப் பல் வரையும், 20-ல் முழுப் பல்லிலும் இறங்கும். மணல் கலந்த புல்லை மேய்ந்த குதிரைக்கும் லாயத்தில் தின்ற குதிரைக்கும் தேய்வு வேறுபடுவதால், எட்டுக்குமேல் சொல்லப்படும் வயது உத்தேசமே. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பல்லில் புதிய குழி உண்டாக்கி, கிழக் குதிரையை இளங்குதிரையாக விற்ற தரகர்களும் இருந்திருக்கிறார்கள்.

எழுத்து மூலமான குறிப்பு இருந்தால் இந்த உத்தேசத்துக்கே இடமில்லை. பொலிகுதிரையிடம் விட்ட தேதி, குட்டி பிறந்த தேதி, தாயின் அங்க அடையாளம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கிராம அதிகாரியும் கால்நடை வைத்தியரும் கையெழுத்திட்டால் போதும். அது குதிரையோடு கைமாற வேண்டும். குட்டிக்காகப் பெட்டை வாங்குகிறவர்கள் சந்தையில் இக்குறிப்பைக் கேட்டு, அது இல்லாத பெட்டைக்குச் சவாரிக் குதிரையின் விலைக்குமேல் கொடுப்பதில்லை என்று உறுதியாக நிற்பார்களானால், விற்பவர்கள் அடுத்த ஆடிக்குள்ளேயே எழுதி வைக்கத் தொடங்குவார்கள்.