பல் டாக்டர்தானே என்று இளக்காரமாகச் சொன்னவன் எழுதுகிறேன்



சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி இனிப்போடு வீட்டுக்கு வந்தாள். "முகம், தாடை அறுவை சிகிச்சையில எம்.டி.எஸ். சீட் கிடைச்சிருக்கு சார்" என்றாள். "பல் பிடுங்க இன்னும் மூணு வருஷமாம்மா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்துவைத்தாள்.

போன மாதம் என் தங்கை மகன் பைக்கிலிருந்து விழுந்தான். போட்டிருந்தது தாடையை மறைக்காத ஹெல்மெட். தலை தப்பியது, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. பல் மருத்துவப் பிரிவு சர்ஜன் வருவார் என்றார்கள். "எலும்பு முறிஞ்சதுக்குப் பல் டாக்டரா?" என்று சத்தம் போட்டேன்.

வந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: "தாடை கொஞ்சம் கோணலா ஒட்டினாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாது சார். சோறு மெல்ல முடியாது. அதனால முதல்ல பல் கடியைச் சரியா வச்சுக் கம்பியால கட்டுவோம். அப்புறம்தான் எலும்புக்கு பிளேட்."

பல்தான் அளவுகோல். அதனால்தான் அந்த வேலை அவர்களுடையது. டைட்டானியம் பிளேட்டை வாய்க்குள்ளேயே கீறி வைத்தார்; முகத்தில் தழும்பே இல்லை.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். அங்கே ஹரால்டு கில்லிஸ் தோலையும் சதையையும் சீரமைத்தார். தாடைகளைப் பார்த்துக்கொண்டவர் கெல்சி ஃப்ரை என்ற பல் அறுவை மருத்துவர்.

நம் நாட்டில் பி.டி.எஸ். நான்கு ஆண்டு, பயிற்சி ஓராண்டு, பிறகு நீட் எழுதி எம்.டி.எஸ். மூன்றாண்டு. பிரிட்டனில் மருத்துவம், பல் மருத்துவம் இரண்டு பட்டமும் வேண்டும். புதைந்த ஞானப்பல், கன்ன எலும்பு முறிவு, உதட்டுப் பிளவு, தாடைக் கட்டி, வாய்ப்புற்று எல்லாம் இவர்கள் கையில்தான்.

அதனால் மூன்று வேண்டுகோள். முகத்தில் அடிபட்டால், மூச்சையும் தலையையும் பார்த்த பிறகு, இந்த நிபுணரைக் கேளுங்கள். தாடையையும் மூடும் ஹெல்மெட் வாங்குங்கள். பி.டி.எஸ். சேரும் பிள்ளையிடம் "எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்று கேட்காதீர்கள்.

நேற்று அந்த மாணவிக்கு போன் செய்து, அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க சார். மருமகன் வாயைத் திறந்தா மூணு விரல் நுழையுதா?" என்றாள்.

இரண்டு நுழைகிறது. தினமும் பயிற்சி செய்கிறான்.