லீக் பெரிசாச்சு, சம்பளம் நின்னுச்சு

2025 ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்சி ஒரு அறிவிப்பு விட்டாங்க. முதல் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் காலவரையின்றி நிறுத்தம். அதே மாசம் நம்ம சென்னையின் எஃப்சியும் கிளப் வேலைகளை நிறுத்தி வச்சாங்க. பெங்களூரு கிளப்போட ஓனர் ஜேஎஸ்டபிள்யூ குழுமம். திவாலாகிற கம்பெனி இல்லை. அடுத்த சீசன் நடக்குமா நடக்காதான்னு யாருக்கும் தெரியலை, அதான் பிரச்சினை.

நம்ம சேனல்ல எப்பவும் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், புது வரி முறையா பழைய வரி முறையான்னு பேசுவோம். இன்னைக்கு ஃபுட்பால். ஆனா நான் கோல் கணக்கு பார்க்கப்போறதில்லை, வரவு செலவுக் கணக்கு மட்டும்தான். ஒரு வட்டாரத்துல நல்லா ஓடிட்டு இருக்கிற லீக்கை நாடு முழுக்க விரிக்கும்போது செலவு எப்படி மாறுது, வருமானம் ஏன் அதே வேகத்துல மாற மாட்டேங்குதுங்கிறதுதான் விஷயம். மாசச் சம்பளத்துல இருக்கிற எல்லாருக்கும் இதுல வேலை இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போவோம். கல்கத்தா ஃபுட்பால் லீக் 1898-ல இருந்து நடக்குது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் மூணும் ஒரே ஊர். வெளியூர் ஆட்டம்னாலே மைதானத்தோட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போறதுதான். கோவா, கேரளா, பஞ்சாப்னு மத்த இடங்கள்லயும் அவங்கவங்க லீக், அவங்கவங்க கூட்டம். முதல் தேசிய லீக் வந்தது 1996-ல. ஜேசிடி சாம்பியன். சென்னையில இருந்து இந்தியன் வங்கி அணியும் பிறகு அதுல ஆடியிருக்கு. 2007-ல அது ஐ-லீக் ஆச்சு. 2014-ல எட்டு அணியோட ஐஎஸ்எல் தனியா வந்துச்சு.

இந்தக் காலத்துல மூடின கிளப்புகளைப் பாருங்க. எஃப்சி கொச்சின் 1997-ல ஆரம்பிச்சு அதே வருஷம் டூரண்ட் கோப்பை ஜெயிச்சாங்க. 2002-ல கடை மூடியாச்சு. மஹிந்திரா யுனைடெட் 2010-ல போச்சு. முதல் தேசிய சாம்பியன் ஜேசிடி 2011-ல போச்சு. ஐஎஸ்எல்ல கிளப் மூடுறதை விட இடம் மாறுறது அதிகம். டெல்லி டீம் 2019-ல புவனேஸ்வர் போச்சு. அதே வருஷம் புனே டீம் இருந்த இடத்துல ஹைதராபாத் வந்துச்சு. 2021-22-ல கோப்பையே வாங்கின அந்த ஹைதராபாத், 2025-ல டெல்லிக்குப் போயிடுச்சு. அவங்க ஜெர்சி வாங்கி வச்சிருக்கிற ஹைதராபாத் பையனோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

ஏன் இப்படின்னு புரிய ஒரு சின்ன கணக்கு போடுவோம். இது புரிதலுக்காக நானே எடுத்துக்கிட்ட எண்கள், எந்த கிளப்போட பேலன்ஸ் ஷீட்டும் இல்லை. வீரர்கள், கோச், பிசியோ, கிட் பார்த்துக்கிறவர் எல்லாம் சேர்த்து 35 பேர். ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு போக வர விமானம் தலைக்கு 15,000. அதுவே 5.25 லட்சம். 18 ரூம், ரெண்டு ராத்திரி, ரூம் 5,000-ன்னா 1.8 லட்சம். சாப்பாடு, பஸ், பயிற்சி மைதான வாடகைன்னு சுமார் ஒரு லட்சம். மொத்தம் 8 லட்சம். சீசனுக்கு 12 வெளியூர் ஆட்டம்னா ஏறக்குறைய ஒரு கோடி. இதே அணி வட்டார லீக்ல ஆடினா பஸ் பிடிச்சுப் போய், ஒரு ராத்திரி தங்கி, ரெண்டு லட்சத்துல முடிச்சிடலாம். சீசனுக்கு 24 லட்சம்.

இப்போ வருமானம். 10,000 பேர் வர்றாங்க, சராசரி டிக்கெட் 200 ரூபாய்னு வைங்க. ஆட்டத்துக்கு 20 லட்சம். 12 உள்ளூர் ஆட்டத்துக்கு 2.4 கோடி. ஐஎஸ்எல்ல பல சீசன் இருந்த சம்பள உச்சவரம்பு கிளப்புக்கு 16.5 கோடி. அதுல பாதிதான் செலவழிக்கிறாங்கன்னு வச்சாலும் 8 கோடிக்கு மேல. டிக்கெட் காசு எந்த மூலைக்கு? மிச்சம் டிவி பணம், ஸ்பான்சர், மீதி ஓனர் பாக்கெட்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். லீக்கை விரிக்கும்போது செலவு முதல் நாளே ஏறிடும். பிளைட் டிக்கெட் உடனே வாங்கணும், வீரருக்கு மூணு வருஷ ஒப்பந்தம் உடனே போடணும். ஆனா சென்னையில இருக்கிறவர் ஜாம்ஷெட்பூர் அணியோட ஆட்டத்துக்குக் காசு கொடுத்து வரணும்னா அந்தப் பகைமை வளரணும். அதுக்கு வருஷக்கணக்காகும். 1997-ல ஃபெடரேஷன் கப் அரையிறுதிக்கு சால்ட் லேக் மைதானத்துல 1,31,000 பேருக்கு மேல வந்தாங்க. போட்டி தேசியப் போட்டிதான். ஆடினது மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும்! ரெண்டும் ஒரே ஊர் கிளப், அவங்க பகை அந்த லீக்லயே பல தலைமுறையா ஊறினது.

இப்போ 2025-ல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். 2010 டிசம்பர்ல ஏஐஎஃப்எஃப் தன்னோட வணிக உரிமையை 15 வருஷத்துக்கு 700 கோடிக்கு கொடுத்துச்சு. சராசரி போட்டா வருஷத்துக்கு சுமார் 47 கோடி. அந்த ஒப்பந்தம்தான் ஐஎஸ்எல்லோட அஸ்திவாரம், ரிலையன்ஸ் பின்னணியில இருக்கிற எஃப்எஸ்டிஎல்தான் லீக்கை நடத்தினது. முடியற தேதி 2025 டிசம்பர் 8. பதினஞ்சு வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச மெச்சூரிட்டி தேதி. ஃபெடரேஷனோட சட்டவிதி வழக்கு உச்ச நீதிமன்றத்துல இருந்ததால புது ஒப்பந்தம் பேச முடியலை. 2025 ஜூலைல எஃப்எஸ்டிஎல் சீசனை நிறுத்தி வைக்கிறோம்னு கிளப்புகளுக்குச் சொல்லிட்டாங்க. அக்டோபர்ல டெண்டர் விட்டாங்க. வருஷத்துக்கு குறைஞ்சது 37.5 கோடி, இல்லேன்னா மொத்த வருமானத்துல 5 சதவீதம், எது அதிகமோ அது. நவம்பர் கெடு முடிஞ்சப்போ வந்த ஏலம் பூஜ்யம்.

எனக்கு இதுல கோபம் வர்ற இடம் ஏலம் வராதது இல்லை. சந்தை ஒரு விலையை வேண்டாம்னு சொன்னா அதுவும் ஒரு தகவல்தான். 13, 14 கிளப், நூத்துக்கணக்கான வீரர்கள், கோச், டிரைவர், அகாடமி பசங்க எல்லாரோட சம்பளமும் ஒரே ஒரு ஒப்பந்தத்துல தொங்கிட்டு இருந்துச்சு. அது முடியற வருஷத்துக்கு மாற்று ஏற்பாடு இல்லை. ஒரே வாடிக்கையாளர்கிட்ட இருந்து முழு வருமானம் வர்ற கம்பெனியை ஆடிட் பண்ணினா, நான் முதல் பக்கத்துலயே அதைக் குறிப்பிடுவேன்.

கடைசியா 2026 பிப்ரவரி 14-ல சீசன் தொடங்குச்சு. 14 அணி, ஒருத்தரோட ஒருத்தர் ஒரே ஒரு தடவை. 91 ஆட்டம். ரெண்டு சுற்று வச்சிருந்தா 182.

ஐஎஸ்எல் வேஸ்ட்னு நான் சொல்ல வரலை. நம்ம ஊர் பையன் டிவில ஆடறதைப் பார்க்க முடிஞ்சது, வீரர்களோட சம்பளம் ஏறினது, இதெல்லாம் உண்மை. வட்டார லீக்லயே இருந்தா தரம் ஏறாது, நல்ல எதிரணி கிடைக்காதுன்னு சொல்றவங்க வாதத்துலயும் நியாயம் இருக்கு. எத்தனை அடுக்கு வரைக்கும் தேசிய அளவுல ஓட்டணும்ங்கிறதுதான் என் கேள்வி.

ஜெர்மனியைப் பாருங்க. 1963 வரைக்கும் அங்க அஞ்சு வட்டார லீக்தான் உச்ச அடுக்கு. பல கிளப்புக்கு அப்பவே அறுபது வருஷக் கூட்டம் சேர்ந்திருந்துச்சு. புண்டஸ்லிகா தொடங்கினப்போ 46 கிளப் விண்ணப்பிச்சு 16 பேரைத்தான் எடுத்தாங்க. ஆட்டத் திறமையோட நிதி நிலைமையையும் பார்த்தாங்க. இன்னைக்கும் ஒவ்வொரு சீசனுக்கு முன்னாடியும் கிளப் தன் கணக்கைக் காட்டி லைசன்ஸ் வாங்கணும். 2013-ல டூயிஸ்பர்க் கிளப்புக்கு ரெண்டாம் அடுக்கு லைசன்ஸ் கிடைக்காம மூணாவது அடுக்குக்கு இறங்கினாங்க. 2017-ல 1860 மியூனிக் நேரா நாலாவது அடுக்குக்குப் போச்சு. இங்கயும் கிளப் லைசன்ஸ் இருக்கு, ஆனா தேறாதவங்களுக்கு விலக்கு கொடுக்கிற பழக்கமும் கூடவே இருக்கு.

இன்னொன்னு. அந்தப் பணக்கார நாட்டுலயே முதல் மூணு அடுக்குதான் தேசிய அளவு. நாலாவது அடுக்கு இன்னும் அஞ்சு வட்டாரமாத்தான் நடக்குது. நம்ம ரெண்டாவது அடுக்குல 2024-25-ல ஸ்ரீநகர், ஐஸ்வால், ஷில்லாங், கோழிக்கோடு அணிகள் ஒரே அட்டவணையில. மேப்ல ஒரு தடவை கோடு போட்டுப் பாருங்க. மொத்த பட்ஜெட்டே மூணு கோடின்னு வச்சுக்கிற கிளப்புக்கு, நான் மேல போட்ட கணக்குப்படி தேசியப் பயணத்துக்காக கூடுதலா போறது 72 லட்சம். கிட்டத்தட்ட கால்வாசி. அந்தக் காசுல நாலு நல்ல கோச் வைக்கலாம்.

ரெண்டாம் அடுக்கை நாலு மண்டலமா பிரிச்சு, ஒவ்வொரு மண்டலத்துலயும் முதல் ரெண்டு பேர் மட்டும் கடைசி ஆறு வாரம் தேசியச் சுற்று ஆடட்டும். மேல வர்றவங்க ஆறு மாசச் சம்பளத்தை வங்கி உத்தரவாதமா கட்டினா மட்டும் சேர்க்கட்டும். ஆமா, இதனால சில ஆசையான கிளப் வெளியே நிக்கும். சம்பளம் நிக்கிறதை விட அது பரவாயில்லை.

இதைப் படிக்கிற பலர் இப்போ 'நாங்க அஞ்சு ஸ்டேட்டுக்கு எக்ஸ்பாண்ட் பண்றோம்'னு சொல்ற கம்பெனியோட ஆஃபர் லெட்டரை கையில வச்சிருப்பீங்க. சம்பள உயர்வு சதவீதத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. என் சம்பளம் வாடிக்கையாளர் கொடுக்கிற காசுல இருந்து வருதா, முதலீட்டாளர் கொடுத்த காசுல இருந்தா? ரெண்டாவதுன்னா, அந்தக் காசு எத்தனை மாசம் தாங்கும்? பதில் மழுப்பலா வந்தா வேலைக்குப் போகக் கூடாதுன்னு இல்லை. போங்க, ஆனா அவசர நிதி மூணு மாசம்னு இருக்கிறதை எட்டு மாசமா ஏத்திட்டுப் போங்க. பெங்களூரு வீரருக்கும் ஆகஸ்ட்ல ஹோம் லோன் இஎம்ஐ தேதி மாறலை.

ஐஎஸ்எல்லுக்கு அடுத்த நீண்டகால ஒப்பந்தம் வரும்போது டிவில பெரிய எழுத்துல கோடி கணக்கு ஓடும். நான் தேடப்போறது வேற வரி: முடியற தேதிக்கு எத்தனை மாசம் முன்னாடி புதுப்பிக்கணும், புதுப்பிக்கலேன்னா அந்த சீசன் சம்பளத்தை யார் கொடுக்கணும்னு எழுதியிருக்காங்களான்னு.